கேழ்வரகின் உறவுமுறை

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் கேழ்வரகுக் கதிர் விரல் மடக்கி நிற்கும்போது, வரப்பில் ஒரு களைப்புல்லும் அதே மாதிரி விரல் விரித்து நிற்கிறது. பார்த்தால் அண்ணன் தம்பி. 1880களில் அல்போன்ஸ் டி கண்டோல் கேழ்வரகின் தாயகம் இந்தியா என்றே கருதினார். இந்தக் களைப்புல்தான் அதன் தாய் என்ற எண்ணமும் வெகுநாள் நீடித்தது.

பெயரும் இப்படித்தான் திசை திருப்புகிறது. தமிழ் அதை வரகோடு சேர்த்துவிட்டது. தாவரவியலிலோ வரகு வேறு பேரினம், துணைக்குடும்பமே வேறு. 1759-இல் லின்னேயஸ், இலங்கையில் வழங்கும் குரக்கன் என்ற பெயரை லத்தீனாக்கிக் கைனோசூரஸ் கொரகானஸ் என்றார். 1788-இல் கேர்ட்னர் அதை எலூசின் பேரினத்துக்கு மாற்றினார். குரக்கன் மட்டும் கூடவே போயிற்று.

வகைப்படுத்தல் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மரபியல் வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல். லின்னேயஸ் பூவின் உறுப்புகளை எண்ணினார். இருவரும் உருவத்தையே பார்த்தார்கள். 1942-இல் எர்ன்ஸ்ட் மேயர் கேள்வியை மாற்றினார்: இயற்கையில் எவை தமக்குள் கலந்து சந்ததி பெருக்குகின்றனவோ அவை ஒரு சிற்றினம்.

இந்தக் கேள்விக்கு வரப்பு வேறு பதில் தருகிறது. களைப்புல்லுக்குக் குரோமோசோம் 18, கேழ்வரகுக்கு 36. இரண்டும் கலந்து வம்சம் தழைப்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில், விதை உதிர்க்கும் ஒரு காட்டுப்புல்லுக்கு 36. அங்கே அது வயலோரத்தில் கேழ்வரகோடு கலக்கிறது, பிறப்பது மலடல்ல. 1957-இல் தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்ற அந்தப் புல்லை, 1976-இல் ஹிலுவும் டி வெட்டும் கேழ்வரகின் துணைச் சிற்றினமாக்கினார்கள். புல் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது.

அதற்காக வரப்புப் புல்லை அந்நியம் என்று தள்ளவும் முடியாது. கேழ்வரகின் 36-இல் பாதி அதன் வழி வந்தது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. மூதாதைதான், ஆனால் இன்று கலக்க முடியாத மூதாதை. மேயரின் வரையறை இன்றைய எல்லையைச் சொல்கிறது. அந்த எல்லை எப்படி விழுந்தது என்பதை வரலாறுதான் சொல்ல வேண்டும்.

இந்த மண்ணின் ஆதித் தானியம் என்று கேழ்வரகைக் கொண்டாடுகிறோம். ஆதி ஆப்பிரிக்காவில். இங்கே தலைமுறை தலைமுறையாகக் கதிர் தேர்ந்து, விதை காத்து, வகைகளைப் பெருக்கியது உழவர்கள். உரிமைக்கு அது போதும். பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை.