இரக்கம் உரிமையான வரலாறு

கூலிக்கு உழைப்பவனிடத்து உள்ள சொத்து யாது? நிலமில்லை, வீடில்லை, முதலுமில்லை. இரு கைகளும் இரு கால்களும் இரு கண்களுமே அவனுடைய மூலதனம். இவற்றுள் ஒன்று ஆலையிலோ தோட்டத்திலோ கப்பற்றுறையிலோ அழிந்துபோகுமாயின் அந்த நட்டம் யாரைச் சாரும்? நெடுங்காலமாக உலகம் இக்கேள்விக்கு ஒரே விடை கூறி வந்தது: அடிபட்டவனையே சாரும். நம் நாட்டார் இதற்குத் தலைவிதி என்று பெயரிட்டனர். மேல்நாட்டு நீதிபதிகளோ அதனையே சட்டத்தின் மொழியில் எழுதி வைத்தனர். அவ்விடை எவ்வாறு மாறியது என்பதை நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும். வரலாறு அறியாதவன் தனக்குரிய நட்ட ஈட்டைப் பிச்சை என்றெண்ணிக் கூசுகிறான். அல்லது கேளாமலே விட்டுவிடுகிறான்.

இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டில் ஒரு வழக்கு நடந்தது. பிரீஸ்ட்லி என்னும் வேலையாள், பவுலர் என்னும் இறைச்சிக் கடைக்காரரிடம் பணிபுரிந்தவன். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்ட வண்டி முறிந்து விழுந்ததில் அவன் தொடை எலும்பு ஒடிந்தது. நடுவர் குழுவினர் அவனுக்கு 100 பவுன் அளிக்குமாறு தீர்ப்புக் கூறினர். ஆனால் மேல் மன்றத்தில் ஆபிங்கர் பிரபு அதனைத் தள்ளிவிட்டார். வேலையின் அபாயத்தை முதலாளி அறிந்த அளவு வேலையாளும் அறிவான். விருப்பமில்லையேல் அவன் அவ்வேலையை மறுத்திருக்கலாமே என்பது அவர் கூறிய நியாயம். பசித்தவனுக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு உண்டென்பதை அவர் எண்ணிப் பார்த்தாரில்லை.

இவ்வழக்கும் பின்வந்த வழக்குகளும் சேர்ந்து தொழிலாளியின் முன் மூன்று கதவுகளைச் சாத்தின. அவன் கவனக்குறைவு சிறிதேனும் இருப்பின் ஈடில்லை என்பது ஒன்று. அபாயத்தை அறிந்தே அவன் வேலையை ஏற்றான், ஆகவே ஈடில்லை என்பது இரண்டு. உடன் வேலை செய்தவனின் பிழையால் அடிபட்டால் முதலாளி பொறுப்பாளியல்லர் என்பது மூன்று. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் முதலாளியே தம் கையால் இயந்திரத்தைச் சுழற்றுவது ஏது? பிழை எப்பொழுதும் ‘உடன் தொழிலாளி’யினுடையதாகவே முடிந்தது. இம்மூன்றாவது கோட்பாடு பிரிட்டனில் 1948ஆம் ஆண்டில்தான் அடியோடு ஒழிக்கப்பட்டது.

மாறுதல் முதலில் ஜெர்மனியிலிருந்து வந்தது. பிஸ்மார்க் அந்நாட்டின் தலைமை அமைச்சராயிருந்த காலத்தில், 1884ஆம் ஆண்டு, விபத்துக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறிற்று. அவர் தொழிலாளர் இயக்கத்தின் நண்பரல்லர். அதன் வளர்ச்சியைத் தடுக்கவே இவ்வழியைக் கையாண்டார். எனினும் அச்சட்டத்தில் அடங்கிய கருத்து பெரிது. ஒரே வகைத் தொழில் நடத்தும் முதலாளிகள் கூட்டாகப் பணம் செலுத்த வேண்டும். முற்றிலும் உழைக்க இயலாது போனவனுக்கு ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். யார் பிழை என்ற ஆராய்ச்சியே இல்லை.

பிரிட்டனில் 1897ஆம் ஆண்டுச் சட்டம், ஜோசப் சேம்பர்லின் முயற்சியால், இப்பாதையைத் தொடர்ந்தது. வேலையினின்றும் வேலையின் போதும் விளைந்த விபத்து என்று காட்டினால் போதும். முதலாளியின் குற்றத்தை நிலைநாட்ட வேண்டுவதில்லை. இயந்திரம் தேய்ந்தால் பழுதுபார்க்கும் செலவு பொருளின் விலையில் சேர்வதுபோல, மனிதன் தேய்ந்தாலும் அச்செலவு தொழிலின் கணக்கிலேயே சேர வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

1906ஆம் ஆண்டில் அச்சட்டம் விரிந்தபோது, விபத்தைப் போலவே ஆறு நோய்களும் ஈட்டுக்குரியனவாயின. அவ்வாறனுள் பாஷாண நஞ்சும் கொக்கிப்புழு நோயும் இருந்தன. தோட்டத்து மக்களுக்கு இவ்விரண்டும் புதியனவல்ல. கொக்கிப்புழு மலாயாத் தோட்டங்களில் அந்நாளில் எண்ணிறந்தோரின் இரத்தத்தை உறிஞ்சியது. லாலான் புல்லை அழிக்கப் பாஷாண மருந்தே தெளிக்கப்பட்டது. சுரங்கத்தில் அந்நோய்க்கு ஆளான ஆங்கிலேயனுக்கு அது தொழிலின் தீங்கு எனப்பட்டது. நம்மவனுக்கோ அது கூலிக்காரனின் சுகாதாரக் குறைவு எனப்பட்டது.

இந்தியாவில் 1923ஆம் ஆண்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலே உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அட்டவணை உண்டு. வலக்கை முழங்கையோடு போனால் உழைப்பாற்றலில் 70 சதவீத இழப்பு, இடக்கை அவ்வாறு போனால் 60, ஒரு கண் 30, கட்டைவிரல் 25, சுட்டுவிரல் 10, மற்றை விரல்களுள் ஒன்று 5. மனித உடலைக் கசாப்புக் கடைத் துண்டுகள்போல் பிரித்து விலையிடுவதாக இது சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அட்டவணைக்கு முன் என்ன இருந்தது? துரையின் முகக்குறிப்பும் கிராணியின் தயவும் இருந்தன. விலை அச்சிடப்பட்ட பின்னரே பேரம் பேசிக் குறைக்கும் வழி அடைபட்டது.

இனி மலாயாவைக் காண்போம். தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுவரும் செலவைப் பகிர்ந்துகொள்ள, 1907ஆம் ஆண்டிலேயே முதலாளிகள் அனைவர்மீதும் வரி விதித்துத் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. தோட்டத்தில் மருத்துவமனை வைக்க வேண்டும் என்ற கடமையும் தொழிற் சட்டங்களில் இடம்பெற்றது. இவற்றை ஆழ்ந்து நோக்குக. ஆளைக் கொண்டுவரக் கூட்டு நிதி முற்பட்டே வந்தது. ஆளைச் சரிசெய்து மறுபடி வேலைக்கு அனுப்ப மருத்துவமனையும் வந்தது. ஆனால் இனி ஒருபோதும் வேலைக்குத் திரும்ப முடியாதவனுக்காகக் கூட்டு நிதி வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் ஆயிற்று. பயன்படுபவனைக் காப்பது வியாபாரம். பயன்படாது போனவனைக் காப்பதே நீதி. இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவு.

கூட்டாட்சி மலாயாவில் 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் முதலாளியே பணம் தரவேண்டும் என்றது. முதலாளி நொடித்தால் ஈடும் நொடித்தது. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971இல் தொடங்கிய ஸ்தாபனமே இன்று சொக்சோ எனவும் பெர்கேசோ எனவும் வழங்குவது. இதன் வேலைவிபத்துப் பகுதிக்குரிய சந்தாவை முதலாளி மட்டுமே செலுத்துகிறார். மருத்துவர் நான்கு நாட்களுக்குக் குறையாது விடுப்புக் கொடுத்தால், கணக்கிட்ட நாட்கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இதில் அடங்கும். தொழிலாளி இறந்தால் நாட்கூலியில் 90 சதவீதம் குடும்பத்தைச் சேரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு துணைவிக்கோ துணைவருக்கோ, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. இவ்வளவுக்கும் மாறாக, அவ்விபத்திற்காக முதலாளி மீது தனி வழக்குத் தொடுக்கும் வழி தொழிலாளிக்கு அடைபட்டது.

சிங்கப்பூரின் வழி வேறு. அங்கு 1975ஆம் ஆண்டுச் சட்டம் 2008இல் வேலைக்காயச் சட்டம் என்று பெயர் மாறிற்று. 2019இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 செப்டம்பர் முதல் நடைபெறுகிறது. உடலுழைப்பாளர் எல்லோருக்கும் முதலாளி காப்புறுதி எடுத்தாக வேண்டும். வெளிநோயாளிக்கு 14 நாள், மருத்துவமனையில் இருப்போர்க்கு 60 நாள் வரை முழு ஊதியம்; அதன்பின் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை. காயம்பட்டவன் இச்சட்டப்படி ஈடு கோரலாம், அல்லது நீதிமன்றம் செல்லலாம். இரண்டையும் ஒருங்கே பெற முடியாது. விபத்து நேர்ந்த ஓராண்டுக்குள் கோரிக்கை செய்தல் வேண்டும். வீட்டு வேலையாட்கள் இச்சட்டத்திற்குப் புறம்பானவர்களாகவே உள்ளனர்.

வரலாற்றின் இன்னுமோர் ஏடு நம் மனச்சான்றைத் தொடுவது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1925ஆம் ஆண்டிலேயே ஓர் உடன்படிக்கை செய்தது. அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் உள்நாட்டானுக்கும் விபத்து ஈட்டில் வேற்றுமை கூடாது என்பது அதன் சாரம். மலாயா அதனை ஏற்ற நாடு. ஆயினும் 1993இல் அயல்நாட்டுத் தொழிலாளர் சொக்சோவினின்று நீக்கப்பட்டுப் பழைய 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டனர். உள்நாட்டான் கையிழந்தால் வாழ்நாள் முழுதும் மாத உதவி. வங்காளியோ நேப்பாளியோ இழந்தால் ஒரே தடவை ஒரு தொகை, பின்பு விமானம். அத்தொழில் ஸ்தாபனத்தின் குழுக்கள் இதனைப் பல்லாண்டுகள் கண்டித்தன. 2019 ஜனவரி முதல் நாளில்தான் அவர்கள் மீண்டும் சொக்சோவில் சேர்க்கப்பட்டனர். நம் பாட்டன்மார் கங்காணியின் பின்னே வந்திறங்கிய அயலாரே அன்றோ? அவர்களுக்கு மறுக்கப்பட்டது அநீதியாயின், இன்று செம்பனைக் குலை வெட்டுபவனுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் மறுக்கப்பட்டதும் அநீதியே.

சட்டம் ஏட்டிலிருந்து கைக்கு வருவதற்குச் சில சிறு செயல்கள் தேவை. காயம் சிறிதாயினும் அன்றே மேலாளரிடம் தெரிவிக்க வேண்டும். நாள், நேரம், இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். மருத்துவரிடம், ‘வேலையில் பட்டது’ என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுப்புச் சீட்டு, சம்பளச் சீட்டு இவற்றைக் கிழித்தெறியலாகாது. மலேசியாவில் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அறிவித்தாரா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், கைச்செலவுக்குத் தருகிறேன்’ என்பாருக்கு இணங்குபவன், சில நூறு வெள்ளிக்காகத் தன் பிள்ளைகளின் உதவித் தொகையை விற்பவனாவான்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு தங்குவிடுதியிலும் இருக்கிறார். அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துத் தம்மிடத்து நேரும் காயங்களை நாள்தோறும் குறித்து வருவாராக. பிரீஸ்ட்லிக்குக் கிடைக்காமற் போன ஈடு நம்மவர்க்குக் கிடைக்கச் சட்டம் வந்துவிட்டது. அதற்குச் சாட்சி வைப்பது நம் வேலை.