ஒரு நாற்காலி, மூன்று சகோதரிகள்: முடிக்காக மோதவிடப்படும் இளவரசிகளின் கதைகள்

வெலிமடையில் சனிக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஊடகக் கற்கை சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலானவர்கள் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மரக்கறி மூட்டைகளோடு மூட்டையாக பஸ்ஸில் நெருக்கியடித்து வருபவர்கள். ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தடித்த ஆங்கில நாவல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்யும் மாமா கொண்டுவந்து கொடுத்ததாம்.

“அக்கா, இதுல மூணு பேரும் கூடப்பொறந்தவங்க. ஒருத்தி ராணியாகணும்னா மத்த ரெண்டு பேரையும் கொல்லணுமாம். இப்பிடி எங்கயாவது நெசமா நடந்திருக்கா?”

அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பிறகு தேடி வாசித்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகள் இந்தக் கதைகளைக் கைபேசியில் தேடித்தேடி வாசிக்கிறார்கள், படமாகப் பார்க்கிறார்கள். வீட்டிலுள்ள பெரியவர்களும் இவற்றைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

கதைகள் சொல்வது என்ன?

அவள் கையில் இருந்த நாவல் ‘த்ரீ டார்க் கிரவுன்ஸ்’. எழுதியவர் கெண்டேர் பிளேக். தென்கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 2016இல் முதல் பாகமும் 2019இல் நான்காவது பாகமும் வெளியாகின.

கதை ஃபென்பர்ன் என்ற கற்பனைத் தீவில் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் ராணிக்கு ஒரே பிரசவத்தில் மூன்று பெண்கள் பிறக்கிறார்கள். சிறுவயதிலேயே அவர்களைப் பிரித்து வெவ்வேறு குடும்பங்களிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். மிரபெல்லா புயலையும் நெருப்பையும் ஆள்பவள். கத்தரின் நஞ்சுண்டு வாழும் குலத்தில் வளர்பவள். ஆர்சினோ செடிகொடிகளோடும் விலங்குகளோடும் உறவுள்ள மக்களிடம் வளர்பவள். பதினாறு வயதானதும் ஓராண்டுத் தவணை தொடங்குகிறது. அதற்குள் மற்ற இருவரையும் கொன்று எஞ்சுபவளே ராணி.

மூவரில் மிரபெல்லாவுக்கு மட்டுமே அசாத்திய ஆற்றல் உண்டு. ஆனால் அவளுக்குச் சகோதரிகளோடு விளையாடிய நாட்கள் நினைவிருக்கின்றன. கொல்ல மனம் வருவதில்லை. கத்தரினுக்கோ நஞ்சு ஒத்துக்கொள்வதேயில்லை. பழக்கப்படுத்துகிறோம் என்று சொல்லி வளர்த்தவர்களே அவளுக்கு நஞ்சூட்டி உடம்பைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அவள் வென்றால் ஆட்சி மன்றம் தொடர்ந்து அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும். ஆகவே மகுடம் யார் தலையில் ஏறவேண்டும் என்ற கவலை அந்தப் பிள்ளைகளைவிட அவர்களை வளர்த்தவர்களுக்கே அதிகம்.

இந்தக் கதைக்கான பொறி தேனீக்களிடமிருந்து கிடைத்ததாக பிளேக் சொல்லியிருக்கிறார். பழைய ராணித் தேனீ ஒரு கூட்டத்தோடு கூட்டைவிட்டுப் புறப்படும்போது, புதிய ராணிகள் வளரும் அறைகள் பின்னால் மிஞ்சியிருக்கும். முதலில் வெளிவரும் ராணி மற்ற அறைகளைத் தேடிச்சென்று, இன்னும் பிறக்காத சகோதரிகளை அறைச்சுவரைத் துளைத்துக் கொட்டிக் கொன்றுவிடும். கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தால் என்ன நடக்கும் என்று அறிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி கதையைவிடச் சுவையாக இருந்தது.

நிக்கி பாவ் பிரெட்டோவின் ‘கிரவுன் ஒஃப் ஃபெதர்ஸ்’ (2019) நாவலின் பின்னணியிலும் ஒரே அரியணைக்காகப் போரிட்ட இரு சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய சண்டையில் நாடே அழிந்துபோகிறது. ரோஷனி சோக்‌ஷியின் ‘எ கிரவுன் ஒஃப் விஷஸ்’ (2017) இந்தியத் தொன்மங்களைத் தழுவியது. அதில் இளவரசியைத் துரத்துபவன் அவளுடைய சகோதரன். டிஸ்னியின் ‘ஃப்ரோசன்’ (2013) இதற்கு மறுபக்கம். அங்கே எல்சாவையும் அன்னாவையும் பிரித்துவைப்பது பெரியவர்களின் பயம். அரியணைக்கு ஆசைப்படுபவன் வெளியிலிருந்து வந்த இளவரசன்.

வரலாற்றில் நடந்ததா?

நடந்தது. ‘ஆர்சினோ’ என்ற பெயரே எகிப்திய வரலாற்றில் இருக்கிறது. கிளியோபாட்ராவின் தங்கை ஆர்சினோ, கி.மு. 48இல் அலெக்சாந்திரியாவில் அக்காவுக்கும் ஜூலியஸ் சீசருக்கும் எதிராக அரசியாக அறிவிக்கப்பட்டாள். தோற்றபின் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டு, கி.மு. 46இல் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் கைதியாக நடத்திச் செல்லப்பட்டாள். பிறகு எபேசஸ் நகரத்துக் கோயிலில் அடைக்கலமாக இருந்தவளை கி.மு. 41இல் கொன்றார்கள். அதற்கு ஆணையிட்டவர் கிளியோபாட்ராவின் துணைவர் மார்க் அந்தோனி.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் மகள்கள் மேரியும் எலிசபெத்தும் ஒரு தகப்பனுக்கு இரு தாய்களிடம் பிறந்தவர்கள். இளையவள் பிறந்தபோது மூத்தவள் ‘முறையற்ற பிள்ளை’ ஆக்கப்பட்டாள். 1536இல் எலிசபெத்துக்கும் அதே கதி வந்தது. மேரி 1553இல் அரசியானாள். மறு ஆண்டு தங்கையை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தாள். 1558இல் மேரி இறக்க, எலிசபெத் முடிசூடினாள். இன்று இருவரும் வெஸ்ட்மினிஸ்டர் அபேயில் ஒரே கல்லறையில் கிடக்கிறார்கள்.

திருவிதாங்கூரின் இரு ராணிகள்

நமக்கு மிக அருகில் நடந்தது திருவிதாங்கூர்க் கதை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அந்த அரசில்தான் இருந்தது.

அங்கே மருமக்கள் தாய முறை இருந்தது. அரசனுக்குப் பின் பட்டம் அவனுடைய மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். அரசனின் மனைவிக்கு ராணிப் பட்டம் கிடையாது. அரச குடும்பத்தில் பிறந்த பெண்களே ராணிகள். குடும்பத்தில் பெண் வாரிசு இல்லாதபடியால், 1900இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். ஒருத்தி சேது லட்சுமி பாய், 1895இல் பிறந்தவள். மற்றவள் சேது பார்வதி பாய், அவளைவிட ஒரு வயது இளையவள். இருவரும் ஓவியர் ரவி வர்மாவின் பேத்திகள். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளாக இருந்தவர்கள் தத்தெடுப்பால் ஒரே தாயின் மகள்கள் ஆனார்கள்.

மூத்தவள் மூத்த ராணி. ஆனால் 1912இல் இளைய ராணிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சித்திரைத் திருநாள் என்ற அந்தக் குழந்தையே முடிக்குரியவன். அப்போது மூத்த ராணிக்குப் பிள்ளை இல்லை. பிற்காலத்தில் பிறந்த இரண்டும் பெண்கள். இந்த அரண்மனையில் யாரும் வாளை உருவவில்லை. யார் வயிற்றில் முதலில் ஆண்பிள்ளை என்பதே போட்டியாக இருந்தது.

1924இல் மூலம் திருநாள் மகாராஜா இறந்தபோது இளவரசனுக்கு வயது பன்னிரண்டு நிறையவில்லை. ஆகவே மூத்த ராணி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1925 மார்ச்சில் காந்தி அவரைச் சந்தித்துப் பேசினார். அந்த ஆண்டின் இறுதியில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் மூன்று எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. மேரி புன்னன் லூக்கோஸ் என்ற பெண் மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு நியமித்தவரும் அவரே.

தன் மகனின் அரசைத் தன் சகோதரி ஆள்வதை இளைய ராணி பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சாதாரணமானவர் அல்லர். வீணை வாசிப்பவர், அகில இந்திய மகளிர் மாநாட்டின் தலைவியாக இருந்தவர். இரண்டு அரண்மனைகளைச் சுற்றியும் இரண்டு கூட்டங்கள் சேர்ந்தன. முறைப்பாடுகள் பிரிட்டிஷ் அதிகாரிகள்வரை போயின. 1931 நவம்பரில் மகன் முழு அதிகாரம் பெற்றதும் மூத்த ராணி ஒதுங்கவேண்டியதாயிற்று. தலித் மக்கள் உட்பட எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட 1936ஆம் ஆண்டுப் பிரகடனம் சித்திரைத் திருநாளின் பெயரில் வெளியானது. சேது லட்சுமி பாய் கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்து 1985இல் காலமானார். மனு எஸ். பிள்ளையின் ‘தி ஐவரி த்ரோன்’ (2015) இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது.

ஆற்றலுள்ள இரண்டு பெண்கள். இருவரும் சேர்ந்து ஆண்டிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. அதற்கு அந்தச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

நம் வீட்டுக் கதை

நாம் தினமும் வாயில் வைத்திருக்கும் ‘மூதேவி’ என்ற வசவும் இரு சகோதரிகளின் கதைதான். மூத்தவள் மூதேவி, இளையவள் சீதேவி. ஒருத்தி வீட்டுக்குள் வரவேண்டுமென்றால் மற்றவள் வெளியே போகவேண்டும். பல்லவர் காலத்தில் சேட்டை என்ற பெயரில் கோயில்களில் வழிபடப்பட்ட தெய்வம் அவள். இன்று பிள்ளைகளைத் திட்டுவதற்கு மட்டுமே அவள் பெயர் மிஞ்சியிருக்கிறது.

இதை எழுதும்போது கிளிநொச்சியில் நான் சந்தித்த ஒரு தாயை நினைத்துக்கொள்கிறேன். 1983க்குப் பிறகு ஊவாவிலிருந்து வன்னிக்குப் போன குடும்பம். போரின் கடைசி ஆண்டுகளில் இயக்கம் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கேட்டபோது அவருக்கு இரண்டு மகள்கள். தங்கையை விடச்சொல்லிவிட்டு மூத்தவள் தானே எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. இளையவள் இருக்கிறாள். அக்காவின் படத்துக்கு விளக்கேற்றும்போது அவள் மட்டும் அந்த அறைக்குள் வருவதில்லை என்று தாய் சொன்னார்.

என் வீட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. சாதாரண தரத்தில் அக்கா எடுத்த பெறுபேறு பின்னாளில் நான் எடுத்ததைவிட நல்லது. ஆனால் இரண்டு பேரையும் படிக்கவைக்கத் தோட்டச் சம்பளம் காணாது. அப்பா ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடியும் என்றார். அக்கா கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். நான் பட்டம் பெற்றேன். பட்டமளிப்புக்கு அவள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாள். பல வருடங்கள் எங்களுக்குள் பேச்சு குறைவாகவே இருந்தது. அவள்மீது எனக்கு என்ன கோபம் என்று யோசித்தால் ஒன்றும் இல்லை. அவளுக்கு முன்னால் நிற்கக் கூசியது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கதைகளைப் பிள்ளைகளோடு பேசும்போது எந்த இளவரசி நல்லவள் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். ஒருத்திக்கு மட்டுமே இடம் என்ற சட்டத்தை இயற்றியது யார்? அதனால் நன்மை அடைவது யார்? தோற்றவளின் பெயர் பிறகு எங்கே போகிறது? இந்த மூன்று கேள்விகளையும் ஃபென்பர்ன் தீவிலும் கேட்கலாம், திருவிதாங்கூரிலும் கேட்கலாம், நம் குசினியிலும் கேட்கலாம்.

போன சனிக்கிழமை இந்த வரலாறுகளை வகுப்பில் சொன்னேன். நாவல் கொண்டுவந்த பிள்ளை கடைசிவரை கேட்டுவிட்டு, “மூணு பேரும் சேந்து, நாங்க கொல்ல மாட்டோம்னு உக்காந்துட்டா அந்த ஊர்க்காரங்க என்னா செஞ்சிருப்பாங்க?” என்றாள். மிச்சத்தை வாசித்துவிட்டு வந்து நீயே சொல் என்றேன். அவளுக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், பத்தாம் வகுப்பில். புத்தகத்தை இருவரும் மாறிமாறி வாசிக்கிறார்களாம்.

அன்று மாலை அக்காவுக்கு அழைப்பெடுத்து இந்தக் கட்டுரையில் அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றாள். பிறகு, தன் பெறுபேற்றுத் தாள் இன்னமும் பெட்டிக்குள் பொலித்தீன் உறையில் இருக்கிறது, அதையும் எழுது என்றாள்.