வைப்பரின் கதை: நியூயார்க் டிராமிலிருந்து நம் பாடி லூக்காஸ் வரை



ஐப்பசி நெருங்கிவிட்டது. இன்னும் சில நாட்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். உங்களில் பலர் இப்போது சொந்தக் கார் வைத்திருக்கிறீர்கள். சிலர் ஆட்டோ, பள்ளி வேன், கம்பெனி வண்டி ஓட்டுகிறீர்கள். அதனால் இந்த முறை மழைக்காலத்துக்கு ஏற்ற ஒரு வரலாறு. கோட்டை, அரசர் எதுவும் கிடையாது. முன்கண்ணாடியில் ஆடுகிற வைப்பரின் வரலாறு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1902ஆம் ஆண்டின் குளிர்காலம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி நியூயார்க் நகரத்தைப் பார்க்கப் போயிருந்தார். அவர் ஏறிய டிராம் வண்டியின் கண்ணாடியைப் பனிமழை மறைத்தது. ஓட்டுநருக்கு வழி தெரியவில்லை. முன்ஜன்னலைத் திறந்து வைத்து, குளிரை முகத்தில் வாங்கிக்கொண்டே ஓட்டினார். அத்தனை பயணிகளும் அதைப் பார்த்தார்கள். "இதற்கு ஒரு வழி செய்யலாமே" என்று யோசித்தவர் மேரி ஆண்டர்சன்தான். அவர் பொறியாளர் அல்லர். உள்ளே ஒரு நெம்புகோல், வெளியே ரப்பர் வைத்த ஒரு கை. உள்ளிருந்து அசைத்தால் வெளியே துடைக்கும். 1903 நவம்பர் 10 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பிறகு என்ன, பணம் கொட்டியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. 1905இல் கனடாவில் ஒரு நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார். இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று பதில் வந்தது. அன்று கார்களே குறைவு. ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி கார் வந்ததே 1908இல்தான். கார்கள் பெருகி எல்லோருக்கும் வைப்பர் தேவைப்பட்ட நேரத்தில், 1920இல், அவருடைய 17 ஆண்டுக் காப்புரிமை முடிந்துபோயிருந்தது.

அடுத்து, கையால் அசைக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க முயன்றார்கள். முதலில் என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு சிக்கல். மேட்டில் ஏற ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த உறிஞ்சும் விசை குறையும், வைப்பர் சோர்ந்துவிடும். தேவைப்படும் நேரத்தில் கைவிடும் உறவினர் மாதிரி! 1926இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்சார வைப்பரைக் கொண்டுவந்தது.

தூறலில் விட்டுவிட்டுத் துடைக்கும் வைப்பருக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் கேர்ன்ஸுக்கு ஒரு கண்ணில் அடிபட்டிருந்தது. கண் எப்போதும் இமைப்பதில்லை, இடைவெளி விட்டுத்தான் இமைக்கிறது. வைப்பரும் அப்படி இருந்தால் என்ன என்று நினைத்தார். 1967இல் காப்புரிமை பெற்றார். கார் நிறுவனங்கள் தன் யோசனையை எடுத்துக்கொண்டன என்று பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார். 1990இல் ஃபோர்டு நிறுவனம் அவருக்கு 1 கோடியே 2 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடி. அங்கே 1961இல் இங்கிலாந்தின் லூக்காஸும் நம் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், இவற்றோடு வைப்பர் மோட்டாரும் செய்யும் நிறுவனம் அது. 1964இல் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. லூக்காஸ், பிரிட்டானியா, டன்லப் என்று கம்பெனிப் பெயர்களே நமக்கு பஸ் நிறுத்தங்கள் ஆயின. கண்டக்டர் "லூக்காஸ் இறங்கு" என்று குரல் கொடுத்தபோது, மழையில் வழி பார்க்கும் விஷயத்தோடு அந்தப் பெயருக்குத் தொடர்பு உண்டு என்று எத்தனை பேர் நினைத்திருப்போம்?

வைப்பர் மோட்டாரில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மோட்டாருக்குச் சுற்றத்தான் தெரியும். வைப்பரோ இடமும் வலமும் ஆட வேண்டும். பல்சக்கரம் வேகத்தைக் குறைக்கிறது. இணைப்புக் கம்பிகள் சுற்றலை ஆட்டமாக மாற்றுகின்றன. என் வகுப்பில் இருந்த பல பிள்ளைகளின் அப்பாக்கள் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போனவர்கள். மேரி ஆண்டர்சன் பெயரைப் போலவே அவர்கள் பெயரும் எந்தக் காரிலும் எழுதப்படவில்லை. பிள்ளைகளாவது அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 101ஆம் விதி வைப்பரைப் பற்றியது. கார், பஸ், லாரிகளில் விசையால் இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் கையால் தள்ளும் வைப்பர் உள்ள ஆட்டோக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மேரி ஆண்டர்சன் செய்ததும் அதுதான்.

இவ்வளவு வளர்ந்தும் கண்ணாடியைத் தொடுவது இன்றும் ஒரு ரப்பர் விளிம்புதான். அதைப் பார்த்துக்கொள்ள மோட்டாரால் முடியாது, நாம்தான் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் காரின் ரப்பர், ஐப்பசிக்குள் இறுகிவிடும். மெல்லிய அந்த விளிம்பு ஒவ்வொரு வீச்சிலும் மறுபக்கம் மடிய வேண்டும். இறுகினால் மடியாது, தத்தித் தத்திப் போகும்.

மழைக்கு முன் இவற்றைப் பாருங்கள்:

1. வைப்பரை மெதுவாகத் தூக்கி, ரப்பரின் நீளம் முழுவதும் விரலால் தடவுங்கள். வெடிப்பு, கிழிசல், கெட்டித்தன்மை இருந்தால் மாற்றுங்கள்.

2. கோடு விழுந்தால் பெரும்பாலும் விளிம்பில் அழுக்கு அல்லது வெட்டு. ஈரத்துணியால் துடைத்தும் கோடு போகாவிட்டால் புதிதுதான். ஓரிடம் மட்டும் துடைபடாமல் நின்றால் கையின் அழுத்தத்தையோ வளைவையோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

3. சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

4. புழுதி படிந்த கண்ணாடியில் தண்ணீர் இல்லாமல் வைப்பரைப் போடாதீர்கள். மணல் கண்ணாடியைக் கீறும்.

5. பிளேடைக் கழற்றியதும் கண்ணாடி மேல் தடித்த துணி போடுங்கள். வெறும் இரும்புக் கை படீரென விழுந்தால் கண்ணாடி உடையும்.

6. புதிது வாங்கும்போது இரண்டு பக்கமும் அளவு பாருங்கள். பல கார்களில் நீளம் வேறுபடும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இரவு மழையில் முன்னால் போகும் லாரி சேற்றுநீரை வாரி இறைக்கும். எதிரே ஹெட்லைட். கண்ணாடியில் நான்கு கோடு இருந்தால் அந்த வெளிச்சம் சிதறி, ஓரமாகச் சைக்கிளில் போகிறவர் மறைந்துவிடுவார். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் யாரோ ஒருவருடைய அப்பா அவர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பாடியிலோ எஸ்டேட்டிலோ வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் எந்தப் பிரிவில் என்ன செய்தார்கள் என்று கேட்டு, கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன்.