ஒன்பது பக்க விடை

வன்னி மக்களின் நினைவில் 2002 ஏ9 பாதை திறந்த ஆண்டு. பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் பாதை திறந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில், இந்தியாவின் கான்பூரில், கணிதவியலாளர்கள் நெடுங்காலம் தேடிய ஒரு விடை வெளிவந்தது.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணை, ஒன்று நீங்கலாக, நாங்கள் முதன்மை எண் என்று படித்தோம். தமிழகத்தார் பகா எண் என்பர். 23 முதன்மை எண் என்பதைச் சிறுவனும் சொல்வான். நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணைக் கொடுத்தால்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க உலகின் கணினிகள் அனைத்தும் போதா.

இங்கே இரண்டு கேள்விகள் உள்ளன. ஓர் எண் முதன்மை எண்ணா என்பது ஒன்று. இல்லையெனில் அதன் காரணிகள் எவை என்பது மற்றையது. 2இன் 67ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் 21 இலக்க எண் வரும். அது முதன்மை எண் அல்ல என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார்ட் லூக்காஸ் காட்டினார். ஆனால் காரணிகளை அவர் காணவில்லை. 27 ஆண்டுகளின் பின், 1903இல், அமெரிக்கரான பிராங் நெல்சன் கோல் அவற்றைக் கண்டு சொன்னார்: 193707721, 761838257287.

முதற் கேள்வி எளிது, இரண்டாவது கடினம். 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையீட்டு முறை இந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது. ரொறொன்ரோவிலிருந்து முல்லைத்தீவிலுள்ள தாய்க்கு இணையவழி பணம் அனுப்பும் மகளுக்கு, எதிரே இருப்பது உண்மையான வங்கிதான் என்று உறுதி தருவதில் இம்முறைக்கும் பங்குண்டு.

எனினும் அந்த "எளிய" கேள்விக்கும் ஒரு குறை இருந்தது. எல்லா எண்களுக்கும் பொருந்திய விரைவான சோதனைகள் ஒன்றில் சிறு ஐயத்தை விட்டுவைத்தன. அல்லது நிறுவப்படாத ஊகத்தில் தங்கியிருந்தன. ஐயமற்ற, விரைவான வழி உண்டு என்று நிறுவியவர்கள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவரது மாணவர்களான நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும். ஒன்பது பக்கக் கட்டுரையை இணையத்தில் எவரும் படிக்க வைத்தார்கள். 2006இல் அவர்களுக்குக் கேடல் பரிசு கிடைத்தது.

நடைமுறையில் பழைய சோதனைகளே இன்னும் வேகமானவை. 2024இல் லூக் டூரண்ட் கண்டறிந்த, 4 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணுக்கும் கான்பூர் வழி பயன்படவில்லை. அதற்குப் பல நாடுகளின் இயந்திரங்கள் உழைத்தன. கான்பூர் தந்தது வேகத்தை அன்று, உறுதியை.

கான்பூர் வறிய நிறுவனம் அல்ல. குப்பி விளக்கில் படித்த வன்னிப் பிள்ளைகளுடன் அதை ஒப்பிட முடியாது. ஆனால் அங்கு நடந்த ஒன்றுக்குப் பணம் தேவைப்படவில்லை. உலகமே விடை காணாத கேள்வியை ஓர் ஆசிரியர் இளமாணி மாணவர் முன் வைத்தார். எங்கள் பிள்ளைகளோ கடந்தகால வினாத்தாள்களை, அதாவது விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே பழகுகிறார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று பொறியியல் பீடம் உண்டு. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கட்டடங்கள் வந்துவிட்டன. விடை தெரியாத கேள்விகளும் அந்த வகுப்பறைகளுக்குள் வரவேண்டும்.