ஆச்சியின் செம்பு

என் ஆச்சி தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. கடைசி முத்துச் சலாபம் நடந்த 1961-லும் சங்கு குளிக்கிறவர்கள் வீடுகளில் பிள்ளையை ஏந்தியது அவர் கைதான். பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது. மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபை அனுமதிக்கிறது. அந்தக் கடற்கரையில் வாழும் பரதவர் 1530-களிலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள். அந்த ஞானஸ்நானத்துக்கான செம்பு ஆச்சியின் பையில் எப்போதும் கிடக்கும்.

சில பெண்களுக்கு மட்டும் அந்தச் செம்பைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ஏழாம் மாதமே வலி கண்டுவிடும், பிள்ளை கால் முன்னால் வரும். வயிற்றின் உச்சியைத் தடவினால் நடுவில் பள்ளம் தட்டுப்படும். "ஏட்டி, பிள்ளை ஒரு பக்கமாவே கெடக்கு, தொட்டுப் பாரு" என்று என் கையைப் பிடித்து வைப்பார். ஊர் அதைச் சாபம் என்றது. இரண்டாம் கல்யாணம் பேசிய வீடுகளும் உண்டு.

நர்சு வேலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பள்ளம் எனக்கு விளங்கியது. பெண் சிசுவுக்குக் கர்ப்பப்பை இரண்டு குழாய்களாகத் தொடங்குகிறது. ஜெர்மானியரான யோஹானஸ் முல்லர் 1830-இல் விவரித்ததால் அவை முல்லர் குழாய்கள். இரண்டும் சேர்ந்து நடுச்சுவர் கரைந்தால் ஒரே அறை. சேராமல் நின்றால் நடுவில் பள்ளத்தோடு இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பை. சேர்ந்தும் சுவர் கரையாவிட்டால் உள்ளே தடுப்பு. கொம்புள்ளவர்கள் பெரும்பாலும் எளிதாகவே கருத்தரிப்பார்கள், இடம் போதாமல்தான் முன்கூட்டியே பிரசவமாகும். தடுப்பு இருந்தால் கருச்சிதைவு அதிகம். பொதுவாக 100 பெண்களில் ஐந்தாறு பேருக்கும், கருச்சிதைவு கண்டவர்களில் சுமார் 13 பேருக்கும் ஏதோ ஒரு வித்தியாசம் உண்டு.

உயிருள்ள பெண்ணுக்குள் அந்த வடிவத்தை எக்ஸ்ரேயில் பார்க்கும் வழி 1910-களில்தான் பிறந்தது. அதற்கும் முன்பே, 1907-இல், பெர்லினில் ஷ்ட்ராஸ்மான் இரண்டு கொம்புகளையும் திறந்து ஒன்றாகத் தைக்கும் அறுவை சிகிச்சையை விவரித்துவிட்டார். ஆச்சியின் விரல்கள் அறிந்ததை எழுதிவைக்க மட்டும் யாருமில்லை. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

வார்டில் முகம் சுளித்த மாமியார்களிடம் சொல்லியிருக்கிறேன்: "இது இவ தாய் வயித்துல இருக்கும்போதே அமைஞ்சதும்மா. உங்க வீட்டுக்கு வந்தப்புறம் வந்ததில்ல."

தடுப்பு என்றதும் வெட்டத் துணிய வேண்டாம். நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று சுமார் 80 பெண்களிடம் செய்து 2021-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வெட்டியவர்களில் 31 சதவீதம், வெட்டாதவர்களில் 35 சதவீதம் பேருக்கு உயிரோடு குழந்தை பிறந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் டாக்டரிடம் கேளுங்கள். கூடவே சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கர்ப்பப்பை இப்படி அமைந்த சிலருக்கு இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று இருப்பதில்லை.