கிராம சபை (தமிழ்நாடு)

ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கூடும் அவை கிராம சபை. இதற்கு யாரும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. பட்டியலில் பெயர் ஏறியதுமே உறுப்பினர்தான்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (919, 921) வெட்டப்பட்ட கல்வெட்டுகளை இதற்கு மூலமாகச் சொல்வது வழக்கம். 30 குடும்புகளிலிருந்து (ஊர்ப் பகுதிகள்) குடவோலை முறையில், அதாவது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள். பதவி வகித்தும் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிய விதி இன்றைக்கும் வியக்கத்தக்கது. ஆனால் அது பிராமண நிலவுடைமையாளரின் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வயது ஆகியவை வேண்டும். பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அதில் இடமில்லை. இன்றைய கிராம சபையை அதன் தொடர்ச்சி என்று கொண்டாடுவோர் இந்த விதிகளையும் படிக்க வேண்டும்.

கிராமம் எல்லாருக்கும் இடம் தருமா என்ற கவலை அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. 1948 நவம்பர் 4 அன்று பேசிய அம்பேத்கர், குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் ஊறிய கிராமத்தை அல்லாமல் தனிமனிதரை அடிப்படை அலகாகக் கொண்டதற்காக அரசியலமைப்பு வரைவை வரவேற்றார். அதே மாதத்தில் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சிகள் 40-ஆம் பிரிவில் இடம்பெற்றன. ஆனாலும் அது வழிகாட்டு நெறியாக மட்டுமே இருந்தது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தமே கிராம சபைக்கு அரசியலமைப்புத் தகுதி தந்தது. அதையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கூட்ட நாள்களாயின. 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000-க்கு மேற்பட்டதில் 300 பேரும் குறைவெண் வரம்பு. ஊராட்சித் தலைவர் தலைமை வகிப்பார். அரசுத் தரப்பில் பற்றாளர் ஒருவர் வருவார். வரவு செலவு வாசிக்கப்படும், பயனாளிகள் பட்டியல் ஒப்புதலுக்கு வரும், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் சமூகத் தணிக்கை அறிக்கை வைக்கப்படும். எல்லாம் கடைசியில் தீர்மானப் புத்தகத்தில்தான் முடியும். கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும், அதில் ஏறாத பேச்சுக்குப் பின்னாளில் சாட்சியில்லை. ஆகவே தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவோம் என்று மக்கள் நிற்பது மிகச் சரி.

சட்டம் எல்லாரையும் உறுப்பினராக்கியது. ஊர் உடனே ஏற்கவில்லை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தின் மேலவளவு, அப்போது தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊராட்சி. அதன் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தில் இதுபோலவே ஒதுக்கப்பட்ட பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடக்கவிடப்படவில்லை. 2006-இல்தான் அது சாத்தியமானது. கிராம சபையின் வரலாற்றில் எந்தச் சட்டத் திருத்தத்தையும்விட இந்தப் போராட்டங்களையே முதலில் சொல்ல வேண்டும்.

மேலூர் வட்டம் 2024-இல் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை, சுமார் 2,015 ஹெக்டேர், நவம்பரில் ஒன்றிய அரசு ஏலத்தில் ஒதுக்கியது. அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி எதுவும் இல்லாத தமிழ்நாட்டில் இத்தகைய தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் ஊர் ஊராக எழுந்த எதிர்ப்புக்கு அது எழுத்துச் சான்றானது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

அதற்குள், 2019 இறுதியில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்துவிட்டது. மதுரையும் அவற்றில் ஒன்று; 2025 ஜனவரி முதல் தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தனர்.