குழாய்க்குள் போன கியர் ஒயர்

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கியர் ஒயர் அறுந்தது. சத்தமே இல்லை. வலது லிவரைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி செயின் தானாகச் சறுக்கி, பின்சக்கரத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒயரின் இழுவை போய்விட்டால் டீரெய்லரின் ஸ்பிரிங் செயினை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். மிதிக்க மிகக் கனமான கியர் அது. எதிர்க்காற்று வேறு. நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் யாருடையவோ மாதிரி இருந்தன.

அது ஜூலை மாதக் கடைசி. பத்து நாள் கழித்து 200 கிலோமீட்டர் பிரவே. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடும்பயணம் அது. பிரவே என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பாண்டிக்காரர்கள் பள்ளித் தேர்வாகத்தான் அறிவார்கள். பாரிஸ் மாமா ஊருக்கு வந்தபோது பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்த சைக்கிளில் என் முதல் பிரவே. அந்த அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். அறுந்த ஒயரைப் பின்பக்கத்திலிருந்து பிடித்து முழுசாக உருவிவிட்டேன்.

பழைய சைக்கிளாக இருந்தால் அது தப்பே இல்லை. ஒயர் வெளியே ஓடும், எடுத்துவிட்டுப் புதிதைப் போடலாம். என் சைக்கிளில் ஒயர் ஃபிரேமின் கீழ்க்குழாய்க்குள் ஒரு சின்ன ஓட்டை வழியாக நுழைந்து, பெடல் அச்சுக்குக் கீழே எட்டிப் பார்த்து, பின் குழாய்க்குள் மறைந்து, டீரெய்லருக்குப் பக்கத்தில் வெளியே வரும். பழைய ஒயர்தான் அந்த இருட்டுக்கு வழிகாட்டி. வழிகாட்டியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, புது ஒயரை உள்ளே விட்டு விட்டுப் பார்த்தேன். உள்ளே போனது. வெளியே வரவில்லை.

பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். எனக்குப் பஞ்சர் ஒட்டவும் ஸ்போக் இழுத்துக் கோட்டம் எடுக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர். சுற்றி வந்து பார்த்தார். ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"இதுல எனக்கு வேல இல்ல தம்பி."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. நாற்பது வருடம் சைக்கிளோடு வாழ்ந்த ஒருவரை வெளியே நிறுத்துகிற சைக்கிள் எப்படி வந்தது என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன்.

*

கதை 1896இல் தொடங்குகிறது. எர்னஸ்ட் பௌடன் என்ற அயர்லாந்துக்காரர் பிரிட்டனில் ஒரு காப்புரிமை எடுத்தார். வளையக்கூடிய உறைக்குள் ஓடும் ஒரு கம்பி, அவ்வளவுதான். ஆனால் அதிலிருக்கும் யோசனை அபாரமானது. உள்ளே இருக்கும் கம்பி இழுபடும்போது வெளியே இருக்கும் உறை அதே அளவு விசையில் அமுக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால், நடுவில் ஒயர் எப்படி வளைந்து போனாலும் இந்த முனையில் கை செய்கிற வேலை அந்த முனைக்குப் போய்ச் சேரும். நம் கடைகளில் இன்றும் 'இன்னர்', 'அவுட்டர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதே ஜோடிதான்.

அதற்கு முன் விசையைக் கடத்தக் கம்பிகள்தான் இருந்தன. நம் தாத்தாக்களின் ரோட்ஸ்டர் சைக்கிளில் ஹேண்டில்பாரிலிருந்து சக்கரம் வரை போகுமே, அந்தக் கம்பி பிரேக். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகும் பல பத்தாண்டுகளுக்கு நம்மூர்ச் சாலைகளை ஆண்டது அந்தக் கம்பி பிரேக் வண்டிதான். அதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எங்கே முறுக்கினால் எது நகரும் என்று ஒரு சிறுவன் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

செயினைத் தள்ளி மாற்றும் கியர் பரவியது பிரான்ஸ் வழியாக. சேன்-எத்தியேன் நகரில் பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்த போல் தெ விவி (1853–1930) என்பவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். மலைகள் சூழ்ந்த ஊர் அது. ஒரே கியரில் மலை ஏறுவது வீண் பிடிவாதம் என்று தன் வாழ்நாள் முழுக்க எழுதினார், தானே ஓட்டியும் காட்டினார். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து தள்ளி இன்னொன்றில் விழவைக்கும் கருவிக்கு 'தெராயர்' என்று பெயர் வந்தது. தடம்புரள வைப்பது என்று பொருள். ஆங்கிலம் வழியாக நம்மிடம் அது டீரெய்லர் ஆனது.

எதிர்ப்புறம் நின்றவர் ஆன்ரி தெக்ராஞ்ச், 1903இல் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு என்பது அவர் கட்சி. அவருடைய பந்தயத்தில் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கப் பல்சக்கரம் செயினில் மாட்டும்படி திருப்பிப் போட்டு ஏறினார்கள். சாதாரணப் பயணிகள் உட்கார்ந்தபடியே கியர் மாற்றிக்கொண்டு போனார்கள். தெக்ராஞ்ச் உடல்நலம் குன்றி விலகிய பிறகு, 1937இல்தான் பந்தயத்துக்குள் டீரெய்லர் வந்தது. அந்த வருடம் வென்ற ரொழே லப்பெபீ அதைப் பயன்படுத்தித்தான் வென்றார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கியர் முதலில் வீரர்களுக்கானதாக இருக்கவில்லை. மூச்சு வாங்குகிறவர்களுக்காக வந்தது.

*

இந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது ஜூலை 30 வந்தது. கடலூர் சாலையில் மாலைகளும் செங்கொடிகளும். வருடா வருடம் பார்ப்பதுதான். இந்த முறை வருடம் கண்ணை உறுத்தியது: 1936.

அந்த வருடம் ஜூனில் பாரிஸில் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை தந்து சட்டம் போட்டது. வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை என்றும் ஆனது. அந்தக் கோடையில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் சைக்கிளிலும் இரண்டு பேர் மிதிக்கும் டேண்டத்திலும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். முதன்முதலாகக் கடலைப் பார்த்தவர்கள் அதில் நிறையப் பேர்.

அதே கோடை, அதே குடியரசு, இந்தக் கடல். புதுச்சேரி சவானா மில்லில் வேலை நேரத்தைக் குறைக்கவும் கூலியை உயர்த்தவும் கேட்டுப் போராடிய தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் படை ஜூலை 30 அன்று சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. தூர் தெ பிரான்ஸில் டீரெய்லரை அனுமதித்த அதே வருடம்.

இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பெரிதாக எதையும் நிரூபிக்க நான் வரவில்லை. ஆனால் எங்கள் தெரு அண்ணனின் தாத்தா சவானா மில்லில் வேலை செய்தவர். அப்பாவும் மில்தான். சங்கு ஊதினால் கடலூர் சாலை முழுக்கச் சைக்கிளாக இருக்குமாம். "ஷிப்ட் விடுற நேரத்துல பத்து வண்டி நிக்கும். செயின் கழண்டது, மட்கார்டு ஆடுறது, எல்லாம் நின்னுட்டே பாத்துடுவேன். மில்லுதான் என் கடை" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். எட்டு மணி நேர வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதனின் வண்டி, ஸ்பேனர் இருந்தால் திறந்துவிடும் வண்டி. அந்த மில்கள் இப்போது மூடிக் கிடக்கின்றன. கடையில் நிற்பது என்னைப் போல இரண்டு மூன்று பேர். எங்கள் வண்டிகளும் அவருக்குக் கதவைச் சாத்தினால்?

*

ஒயரை ஒளிப்பது புதிய பழக்கமும் இல்லை. பாரிஸை ஒட்டிய லெவல்லுவா-பெரேயில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சாங்ஜே போன்ற கைவினைஞர்கள் நெடும்பயணச் சைக்கிள் செய்தபோது, விளக்குக்குப் போகும் மின்கம்பியைக் குழாய்க்குள் விட்டார்கள். இரவில் மழையில் எங்கேயும் மாட்டி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. வண்டி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஒளித்தது அது.

பந்தய உலகம் ஒளித்ததற்குக் காரணம் காற்று. வெளியே தொங்கும் ஒயர் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். பந்தயத்தில் அந்தக் கொஞ்சம் பெரிது. முதலில் நேரப் பந்தய வண்டிகள், பிறகு சாதாரண ரோடு பைக்குகள், இப்போது ஹேண்டில்பாரிலேயே நுழைந்து ஹெட்செட் வழியாக ஃபிரேமுக்குள் இறங்கிவிடுகிறது ஒயர். பார்க்க அழகுதான். ஆனால் பல வண்டிகளில் ஹெட்செட் பேரிங் மாற்ற பிரேக் ஹோஸையே கழற்ற வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் ஒயரிடம் எதிர்பார்க்கும் துல்லியமும் கூடிவிட்டது. பழைய லிவரில் கை உணர்வில் தேடி நிறுத்தலாம். 1984இல் ஷிமானோ 'கிளிக்' கியரைக் கொண்டுவந்த பிறகு, லிவரின் ஒவ்வொரு கிளிக்கும் இவ்வளவுதான் ஒயரை இழுக்க வேண்டும் என்ற கணக்கு வந்தது. பின்னால் பதினோரு பல்சக்கரம் உள்ள என் வண்டியில் அது சுமார் 2.7 மில்லிமீட்டர். உறைக்குள் உப்பும் மண்ணும் சேர்ந்தால் அந்தக் கணக்கு பிசகும். கடலோரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரமே தெரியவரும். லிவருக்குள் ஒயர் மடங்கும் இடத்தில் இழை இழையாகப் பிரிந்து அறுவதும் இப்படித்தான். கியர் விழத் தயங்க ஆரம்பித்தாலே மாற்றிவிட வேண்டும். நான் இரண்டு வாரமாகத் தயக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

*

பெரிய ஷோரூம் ஒன்றில் விசாரித்தேன். சென்னைக்கு அனுப்ப வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மறுபடி அண்ணனிடமே போய் நான் படித்ததைச் சொன்னேன். காந்தத்தை வெளியே நகர்த்தி, உள்ளே இருக்கும் இரும்பு முனையுள்ள கம்பியை இழுத்து வரும் கருவி விற்கிறது. அது இல்லாதவர்கள் நூலை உள்ளே விட்டு, மறுபக்கம் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுகிறார்கள்.

"நூலா?" என்றார். முகம் மாறியது. "அத மொதல்லயே சொல்லலாம்ல."

சின்னக் கியருக்கு லிவரை இறக்கி, ஒயரின் அறுந்த தலையை ஊசியால் குத்தி வெளியே எடுத்தார். கீழ்க்குழாயின் வாயிலிருந்த பிளாஸ்டிக் அடைப்பைக் கழற்றினார். மற்ற ஓட்டைகளை டேப் ஒட்டி மூடினார். தையல் நூலின் நுனியில் பஞ்சைக் கட்டினார். எதிர் வாட்டர் சர்வீஸ் கடையிலிருந்து கார் சுத்தம் செய்யும் வாக்குவத்தை இழுத்துவந்தோம். பெடல் அச்சுக்குக் கீழே அதன் வாயை வைத்து நான் பிடித்தேன். முதல் தடவை பஞ்சு நூலை விட்டுப் பிய்ந்து போனது. இரண்டாவது தடவை, ஓடும் பட்டத்துக்கு விடுவது மாதிரி விரலில் நூலை விட்டுக்கொண்டே வந்தார். கீழே வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

நேராக ஒயரைக் கட்டி இழுப்பார் என்று நினைத்தேன். "இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து மெல்லிய டெஃப்லான் ஸ்லீவ் ஒரு மீட்டர் வாங்கி வந்தார். நூலில் அதைக் கட்டி உள்ளே இழுத்தோம். ஸ்லீவுக்குள் புது ஒயர் சட்டென்று ஓடியது. பின் குழாய் சின்னது, அதில் ஒயரைத் தள்ளியே கொண்டுவந்துவிட்டார். கியர் அவுட்டர் தனி என்பதை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். பிரேக் அவுட்டர் சுருள் கம்பி, கியர் கிளிக்குக்கு நெகிழும். கியர் அவுட்டரில் இழைகள் நீளவாக்கில் நிற்கும், அதைப் பிரேக்குக்குப் போட்டால் வெடித்துவிடலாம். வெட்டிய துண்டை உருட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

போல்ட்டை இறுக்கி, ஒயரை அங்கங்கே இழுத்துவிட்டு, அட்ஜஸ்டரைக் கால் திருகு கால் திருகாகத் திருப்பினோம். பதினோரு கியரும் விழுந்தது.

வேலை முடிந்ததும் ஸ்லீவை உருவப் போனேன். கையைத் தட்டிவிட்டார். இரண்டு முனையையும் பிளேடால் அளவாக நறுக்கி, உள்ளேயே விட்டு, அடைப்பை மாட்டினார்.

"கெடக்கட்டும். அடுத்த ஒயரு போடறவன் என்ன மாதிரி உள்ள கண்ண வச்சிப் பாத்துட்டு நிக்கக் கூடாதில்ல."

அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார், ஸ்லீவுக்கும் சேர்த்து. அடுத்த வாரம், மாதா கோயில் திருவிழா ஜோடனைக்கு நடுவே அவர் கடையைத் தாண்டிப் போனபோது, பலகையில் 'பஞ்சர், ஓவராலிங்' என்பதற்குக் கீழே சாக்பீஸில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'கியர் ஒயர் உள்ளே மாற்றப்படும்.'